அப்பா போடாத ஓட்டு

அப்பா ஓட்டுப் போட்டதே இல்லை. ஆனால் எங்கள் ஊராட்சித் தேர்தல் ஒன்றில் அவர் பெயரில் ஓர் ஓட்டு விழுந்தது. அதற்கு வழிசெய்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வைக்கிற ஊர் எங்களுடையது. சொந்தபந்தம் எல்லாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும். அப்பாவும் அம்மாவும் மட்டும் ஞாயிறுதோறும் பஸ் ஏறிச் சிறிய ஜெப வீடு ஒன்றுக்குப் போவார்கள். அதற்காக ஊர் வேலைக்கு அப்பா பின்வாங்கியதில்லை. ஏரி மதகு அடைக்க, சாவு வீட்டுக்குப் பந்தல் போட, சேற்றில் புதைந்த கரும்பு வண்டியைத் தள்ள முதலில் நிற்பார். ஓட்டு மட்டும் கிடையாது. "மேல இருக்கிற ஒரு ராஜாவுக்குக் கைய தூக்கிட்டேன். அதே கைய இன்னொருத்தருக்குத் தூக்க முடியாது" என்பார். மற்றவர்களைப் போடாதே என்று சொன்னதும் இல்லை.

தேர்தலன்று காலை இருவரும் கரும்புக் கொல்லையில் வேலையாக இருந்தார்கள். சின்னசேலத்திலிருந்து சித்தப்பா வந்தார். அவருக்கு எங்கள் ஊரில் ஓட்டு இல்லை. ஆனால் அவருடைய கூட்டாளி தலைவர் பதவிக்கு நின்றார்.

"அப்பா பூத் சிலிப்ப எங்க வெச்சிருக்காரு பாப்பா?"

அலமாரியில், மின்கட்டண அட்டைக்கு அடியில். எடுத்துக் கொடுத்தேன். எந்தப் பொருள் எங்கே என்று தெரிந்து வைத்திருப்பதில் எனக்கு அப்போதே பெருமை.

மத்தியானம் சித்தப்பா மை வைத்த விரலை அப்பாவிடம் நீட்டிச் சிரித்தார். சாவடியில் இருந்த ஏஜெண்டுகள் தெரிந்த ஆட்களாம், கண்டுகொள்ளவில்லையாம்.

"நீ போடலன்னா வீணாதானே போவுது ண்ணா? மீந்த சோத்த எடுத்துத் தின்னா தப்பா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

என் பள்ளிக்கூடம்தான் சாவடி. "சார், என் பேர்ல வேற ஆளு போட்டுட்டாங்க. நான் போடலன்னு எழுதிக்குங்க" என்றார் அப்பா.

அதிகாரி பரிவாகத்தான் பேசினார். "அதுக்கு வழி இருக்குங்க. வேற சீட்டு தர்றோம், நீங்க போடுங்க. தனிக் கவர்ல வெச்சிடுவோம்."

"போடக்கூடாதுன்னுதான் சார் வூட்ல இருந்தேன்."

"அப்ப உங்களுக்கு இன்னாங்க நஷ்டம்?"

வரிசை சிரித்தது. "போடவும் மாட்டாராம், போட்டா சண்டைக்கும் வருவாராம்" என்றது ஒரு குரல்.

"சரி, யாரு போட்டது?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

"அப்ப வரிசைய மறைச்சிக்கினு நிக்காதீங்க" என்றார் அதிகாரி. பரிவு தீர்ந்துவிட்டிருந்தது.

இன்று மென்பொருள் சோதிப்பது என் வேலை. எழுதியவர்கள் எந்த நிலையை யோசிக்க மறந்தார்கள் என்று நாள் முழுக்கப் பட்டியல் போடுகிறேன். அந்த வகுப்பறையை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. ஓட்டுப் போட வந்தவரிடம் திருடினால் அதற்கொரு சீட்டு, ஓர் உறை, ஒரு படிவம். போடாமல் இருக்க முடிவெடுத்தவரிடம் திருடினால் அது திருட்டே இல்லை. திருடியவர் விரலைக் காட்டிக் கடமையைப் பற்றிப் பேசலாம். பறிகொடுத்தவர் ஊருக்குச் சிரிப்பு.

திரும்பும் வழியில் எனக்குத் தோன்றிய யோசனையைச் சொன்னேன். "வெறும் சீட்ட மடிச்சிக் குடுத்திருந்தா அந்த ஆபீசரு சரின்னு விட்டிருப்பாருப்பா. அது செல்லாமதானே போயிருக்கும்?"

"அப்பவும் நான் போட்டதாதானம்மா எழுதுவாங்க" என்றார்.

பெட்டிக்குள் சீட்டு அப்படியே. பட்டியலில் அவர் பெயர்மேல் விழுந்த கோடும் அப்படியே. ஒன்றுமே மாறாத இடத்துக்கு வெயிலில் நடந்துபோய், சிரிப்பை வாங்கிக்கொண்டு வருவானேன் என்று அன்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சித்தப்பா மேல் அல்ல, அப்பா மேல்.