பார்த்தவன் இரட்டிப்பாக வைக்க வேண்டும்

1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், பதினேழாம் பிரிவு: வழங்கப்பட்ட பாஸ்போர்ட் எக்காலத்திலும் மத்திய அரசின் சொத்து. அரசின் சொத்தைத் தனிமனிதர் அடகு வைக்க முடியாது என்பது அதிலிருந்து தானாக வருவது. பதிவுத்துறையில் அடமானப் பத்திரங்களைப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 2006 புரட்டாசியில் என் மருமகனின் பாஸ்போர்ட், முதலிபாளையத்தில் ஒரு தையல் கான்ட்ராக்டரின் இரும்பு பீரோவில், நூல் கோன்களுக்கு நடுவே கிடந்தது. மருமகனே கொண்டுபோய்க் கொடுத்தது. மூணு சீட்டு ஆட்டத்தில் தோற்ற பணத்துக்கு ஈடாக.

மாப்பிள்ளை அந்தக் கான்ட்ராக்டரிடமே பனியன் துணியின் தரம் பார்ப்பவர். வேலையில் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முட்டாள். அந்த வருடம் ஜோர்டானில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. விசாவுக்காக அசல் பாஸ்போர்ட்டைத் தீபாவளிக்குள் கோயமுத்தூர் ஏஜெண்டிடம் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு நான்கு வாரம் இருந்தது. என் மகள் ஏற்கனவே இரண்டு பெட்டிகளுடன் பல்லடத்துக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தச் சீட்டு மேசை இருக்கும் ஊரில் அவரோடு இனி வாழ முடியாது, கடல் தாண்டினால் வருகிறேன் என்றாள். ஆக, அந்தச் சின்னப் புத்தகம் வந்தால் அவளுக்குக் குடும்பம். வராவிட்டால் இல்லை.

முறைப்படி காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் என் மனுவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்க மருமகன் குடுத்தாரா, கான்ட்ராக்டர் புடுங்கினாரா என்று கேட்டார். கொடுத்தார் என்றேன். அப்புறம் இங்கே எதற்கு வந்தீர்கள் என்பது போல மனுவை நீட்டினார்.

வீட்டில் மகள் வேறு வழி சொன்னாள். "தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்கப்பா. புதுசு வாங்கிக்கலாம். ஊருல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

தொலையாத ஒன்றைத் தொலைந்ததாக எழுதுவது பொய் வாக்குமூலம், அதற்குத் தனியாகத் தண்டனை உண்டு என்று அவளுக்கு விளக்கினேன். மாப்பிள்ளைக்கும் விளக்கினேன். என் வீட்டிலிருந்து அப்படி ஒரு காகிதம் போகாது என்றேன். அதற்குப் பதிலாக, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மூன்று பக்கத்தில், பிரிவு எண்களோடு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். அட்டை நாலாம் நாள் திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

பிறகுதான் கான்ட்ராக்டரிடம் போனேன். எதிராளியை நடுங்க வைக்கும் ஆட்கள் உரத்துப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். பணத்தை நான் கட்டிவிடுகிறேன் என்றதும் அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"பணம் யாருக்குங்க வேணும் சார்? ஆளுதானுங்க வேணும். உங்க மாப்ளை கையெழுத்துப் போட்டா சரக்கு வாங்கற வெள்ளைக்காரன் பெட்டியப் பிரிக்காமயே எடுத்துக்கறானுங்க."

அவரே வழியும் சொன்னார். மூன்று ஞாயிறு மதியம் நான் அவரோடு ஆட வேண்டும். காசு கிடையாது, ஆளுக்கு நூறு சட்டைப் பொத்தான். இருநூறும் என் பக்கம் வந்தால் பாஸ்போர்ட்டை எடுத்துப் போகலாம். வராவிட்டால் மாப்பிள்ளை இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும், நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். சட்டப்படி செல்லாத ஒப்பந்தம். ஒப்புக்கொண்டேன். வேறு எந்தக் கதவும் எனக்குத் திறந்திருக்கவில்லை.

மூணு சீட்டில் ஒரு விசித்திரமான விதி உண்டு. சீட்டைப் பார்க்காமலே பந்தயம் வைக்கலாம். பார்க்காதவன் ஒன்று வைத்தால் பார்த்தவன் இரண்டு வைக்க வேண்டும். எதிரில் இருப்பவன் பார்க்காமல் ஆடும்வரை, பார்த்தவன் 'ஷோ' கேட்கவும், அதாவது இருவர் சீட்டையும் திருப்பிக் காட்டச் சொல்லவும் முடியாது. மேலே மேலே வைக்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். வைக்கப் பொத்தான் இல்லாவிட்டாலும் ஒதுங்கியதாகத்தான் கணக்கு. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு அபராதம் விதிக்கும் விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதல் ஞாயிறு அவர் ஒரு சீட்டையும் பார்க்கவில்லை. "பாக்காமயே வைக்கிறனுங்க" என்று மரியாதையாகச் சொல்லிச் சொல்லித் தள்ளினார். நான் பார்த்தேன், பயந்தேன், ஒதுங்கினேன். மாலையில் என்னிடம் அறுபத்தைந்து பொத்தான்கள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சீட்டைப் பிரித்துப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். நாலு தடவையில் மூன்று தடவை ஒரு ஜோடிகூட வராது. அவருக்கும் வராது. அப்படியானால் அவர் தள்ளுவதில் பெரும்பகுதி வெறும் காற்று. ஆனால் அவரைப் பதிலுக்கு மிரட்டிப் பயனில்லை. தன் சீட்டையே பார்க்காதவனை எதைக் காட்டி மிரட்டுவது? ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் மட்டும் நிற்பது, நின்றால் நானாக ஏற்றாமல் அவரையே ஏற்ற விடுவது, மற்றதையெல்லாம் வெட்கமில்லாமல் கவிழ்ப்பது. இதற்குத் தேவை பொறுமை மட்டும்தான். என்னிடம் இல்லாதது நாட்கள்.

இரண்டாம் ஞாயிறு கணக்கு பலித்தது. அவர் தள்ளினார், நான் காத்திருந்து வாங்கினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் என் பக்கம் நூற்று அறுபது. வீட்டுக்குப் போனதும் மகள் சோறு போட்டுக்கொண்டே ஜோர்டானில் குளிர் உண்டா என்று கேட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி.

மூன்றாம் ஞாயிறு அவர் சீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். நான் நின்றால் கவிழ்த்தார். நான் நின்றாலே நல்ல சீட்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் உத்தி முழுவதும் அவர் பார்க்கமாட்டார் என்பதன்மேல் கட்டியது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒன்றிரண்டாகக் கரைந்து நூற்று முப்பதுக்கு வந்தேன். அவரிடம் எழுபது. தீபாவளிக்கு ஆறே நாள்.

அப்போது என் கையில் ஆட்டினில் எட்டு, ஒன்பது, பத்து வந்தது. ஒரே இனத்தில் வரிசையாக மூன்று, அதை வெல்லும் சீட்டு வருவது அபூர்வம். அவர் அந்த ஆட்டத்தில் சீட்டைத் தொடவே இல்லை. ஐந்து வைத்தார், நான் பத்து. அவர் பத்து, நான் இருபது. அவர் இருபது, நான் நாற்பது. அவரிடம் மிச்சம் முப்பத்தைந்து. அதை அப்படியே இரு கையாலும் நடுவில் தள்ளினார். நான் எழுபது வைக்க வேண்டும். என்னிடம் இருந்தது அறுபது.

மூன்று முறை எண்ணினேன். மாப்பிள்ளை, "மாமா, விடுங்க மாமா" என்றார். சீட்டைக் கவிழ்த்தேன்.

அவர் தன்னுடையதை அப்போதுதான் திருப்பினார். ஒன்பது, ஐந்து, இரண்டு, மூன்றும் வேறு வேறு இனம். ஒன்றுமே இல்லை. என் சீட்டையும் மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"அருமையான சீட்டுங்க சார். நீங்க பாக்காம இருந்திருந்தா முப்பத்தஞ்சே போதுமுங்க. ஷோவும் கேட்டிருக்கலாம்."

அறுபதோடு இன்னும் சில ஆட்டம் உட்கார்ந்தேன். எப்படி ஆடினேன் என்று நினைவில்லை. ஆறு மணிக்கு ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஜோர்டான் வேலைக்குக் குண்டடத்துப் பையன் ஒருவன் போனான். மாப்பிள்ளை முதலிபாளையத்திலேயே தங்கிவிட்டார், ஞாயிற்றுக்கிழமைகள் உட்பட. மகள் பெட்டிகளைப் பிரித்துத் துணிகளை என் பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கினாள். கோபமாகப் பேசவில்லை. "ஒரு வரிதானப்பா எழுதச் சொன்னேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். எந்த வரி என்று நான் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் அலுவலகத்தின் பதில் நாலு வரி. தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. பாஸ்போர்ட்டுக்கு உரியவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அது தம் வசம் இல்லையெனில், தொலைந்ததாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை இணைத்தால் புதியது வழங்கப்படும். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்துவிட்டுப் போனது, தைப்பூசத்துக்கு மறுநாள்.