ஜெபத்துக்கு விலை இல்லை, நேரத்துக்கு உண்டு

என் சின்ன மருமகள் பேசுவதற்குக் காசு வாங்குகிறவள். முதல்முறை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அது இன்றுவரை முழுக்கப் போனபாடில்லை, அதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பு அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தாள். கன்னம் வீங்கி வருகிறவர்களை உட்காரவைத்து, பெயர் எழுதி, பணம் வாங்கிப் போடுகிற வேலை. என்ன மாயம் செய்வாளோ, வாயைத் திறக்க முடியாதவர்கள்கூடத் தங்கள் வீட்டுக் கதையை அவளிடம் கொட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பிறகு மருத்துவருக்கு வயதாகி, கிளினிக்கை மூடிவிட்டார். இவள் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து ஏதோ படித்தாள். ஒரு சான்றிதழ் வந்தது. என் மகன் அதற்குக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினான். கிறிஸ்தவ லைஃப் கோச் என்று அதில் இருக்கிறதாம்.

"அப்படின்னா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கிறவங்க வருவாங்க அத்தை. அவங்களே ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் நான் கேள்வி கேப்பேன். கடைசில சேர்ந்து ஜெபம் பண்ணுவோம்."

"இதுக்கா காசு? உன் மாமனார்கிட்ட ஆயுசு முழுக்க இதைத்தான் சும்மா பண்ணேன்."

"மாமா முடிவுக்கு வந்தாரா?"

"எங்க வந்தாரு."

"அதான்" என்றாள்.

முன்னறையில் இருந்த சோபா என் அறைக்கு வந்தது. முன்னறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலி, நடுவில் சின்ன மேசை, தண்ணீர்ச் செம்பு, கண் துடைக்கிற காகிதப் பெட்டி. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. மழையில் உப்பிப்போன கதவு, முழுசாகச் சாத்தாது. அது என் குற்றமில்லை.

வந்தவர்கள் எல்லாரும் எங்கள் சபை ஆட்கள்தான். சிரித்த முகத்தோடு உள்ளே போவார்கள், சிவந்த கண்ணோடு வெளியே வந்து பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். தையல் வேலை செய்கிறவள் அரை நாள் மிதித்துச் சம்பாதிப்பதை இவள் ஒரு மணி நேரத்துக்கு வாங்கினாள். அழவைத்துக் காசு வாங்குகிறாளே என்று என் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும்போது ஒருத்தி என் காதருகே வந்தாள்.

"உங்க மருமக ஜெபத்தை மணிக்கணக்குல விக்கிறாங்களாமே அம்மா?"

எனக்குக் கால் செருப்பில் நுழையவில்லை. சபையில் பெயர் கெட்டால் அவளுக்கு அப்புறம் யார் வருவார்கள்? பெண்கள் கூட்டத்தை நடத்துகிறவளும் அவள்தான். அந்தப் பொறுப்பும் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்து முன்னறை மேசையில் வைத்தேன்.

"இனிமே விலை சொல்லாத. மனசுக்குப் பட்டதை இதுல போட்டுட்டுப் போகட்டும். காணிக்கைன்னா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க."

"அத்தை, கிளினிக்ல நான் பாத்ததைச் சொல்றேன். பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி விலை சொன்னா சண்டையே வராது. புடுங்கினப்புறம் சொன்னா, என் பல்லைத் திருப்பிக் குடுன்னு நிப்பாங்க."

"இது பல்லு இல்ல."

"அதைவிட மோசம்" என்றாள். ஆனால் நான் பிடித்த பிடியை விடவில்லை. கொஞ்ச நாள் உங்கள் வழியிலேயே போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

டப்பா வந்த பிறகு வீட்டில் நடந்தது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தையல்காரி கையில் இருந்ததை எல்லாம் போட்டுவிட்டுப் போய், மறுவாரம் வந்து, "போன தடவை நிறையப் போட்டேனே சிஸ்டர், பையனுக்கு இன்னும் வேலை வரலியே" என்று கேட்டாள். ஒருத்தி சில்லறையைப் போட்டுவிட்டு மதியத்திலிருந்து விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்காரர், அதுவரை சொன்ன பணத்தைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து போனவர், எவ்வளவு போட்டால் மரியாதை என்று தெரியாமல் வருவதையே நிறுத்திவிட்டார். தெருவில் என்னைக் கண்டால் துடைத்த வேன் கண்ணாடியையே திரும்பத் துடைப்பார்.

அப்புறம்தான் டைல்ஸ் கடைக்காரர் வந்தார். சபைக் கமிட்டியில் இருக்கிறவர், முதல் வரிசை ஆள். உட்காருவதற்கு முன்பே டப்பாவின் மூடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கனமான உறை விழுந்தால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது. நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன்.

அவருக்கும் தம்பிக்கும் அப்பா விட்டுப்போன ஒரே கடை. தம்பி விலகிப் போனால் நல்லது என்று இவருக்கு எண்ணம்.

"என் தம்பி உங்க பேச்சுக்கு மரியாதை குடுப்பான் சிஸ்டர். கர்த்தர் உங்களுக்கு வெளிப்படுத்தினார், கடையை அண்ணன்கிட்ட விட்டுட்டுப் போன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. போதும்."

டப்பா மூடி மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது.

"இதை எடுத்துக்குங்க பிரதர்."

"ஏன், குறைச்சலா இருக்கா?"

"அதிகமா இருக்கு. ஒரு மணி நேரப் பேச்சுக்கு இவ்வளவு ஆகாது. மீதிக்கு நீங்க வேற என்னமோ வாங்கப் பாக்கறீங்க. அது எங்கிட்ட இல்ல."

செருப்பைப் போட்டும் போடாமலும் அவர் போனார். அடுத்த ஞாயிறு சபை முழுக்க வேறு கதை ஓடியது. டைல்ஸ்காரர் மனசாரக் கொடுத்த காணிக்கையை என் மருமகள் போதாது என்று திருப்பிக் கொடுத்தாளாம், இன்னும் கேட்டாளாம்.

திங்கட்கிழமை பாஸ்டரே வீட்டுக்கு வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

"அவர் இங்க பேசினதை நான் வெளிய சொல்ல மாட்டேன் பாஸ்டர்."

"நீ சொல்லலன்னா கமிட்டி அவர் சொல்றதைத்தான் நம்பும். பெண்கள் கூட்டத்தை வேற ஒருத்தருக்குக் குடுக்கச் சொல்றாங்க."

"சரி, குடுங்க."

எனக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கியது தெரியவில்லை. உண்மை இவள் பக்கம் இருக்கிறது, இவளோ வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன பெண் இது? கரண்டியும் கையுமாக முன்னறைக்குப் போனேன்.

"அவ சொல்ல மாட்டா பாஸ்டர், நான் சொல்றேன்."

தம்பி, கடை, கர்த்தருடைய வெளிப்பாடு, உறை, ஒன்று விடாமல் சொன்னேன். டைல்ஸ்காரர் இருமியதைக்கூட விடவில்லை. பாஸ்டருடைய டீ ஆறி ஏடு படிந்தது. "நான் அவர்கிட்ட பேசிக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். பேசியும் இருக்கிறார். பெண்கள் கூட்டம் இவளிடமே இருக்கிறது. டைல்ஸ்காரர் இப்போது தூணுக்குப் பின்னால் உட்காருகிறார்.

அன்று மருமகள் எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பொங்கி வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே பேசினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இங்க சொன்னது இங்கயே இருக்கும்னு நம்பித்தான் அத்தை வர்றாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் காசு. இனிமே யாரு வருவா?"

"நான் உன் பேரைக் காப்பாத்தினேன்டி."

"பேரைக் காப்பாத்திட்டு வேலையை மூடிட்டீங்க."

அவள் சொன்னபடியே சில வாரம் அந்த நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. டப்பாவை நானே எடுத்து அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். இப்போது அதில் கடுகு இருக்கிறது.

போன வியாழக்கிழமை வாசலில் வேன் நிற்கிற சத்தம் கேட்டது. வேன்காரர் படியில் நின்று தயங்கினார். மருமகள் அவரை உள்ளே விடவில்லை, முதலில் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது யார் வந்தாலும் அப்படித்தான்.

"பழைய விலைதாண்ணா. மணிக்கு இவ்வளவு. குடுக்க முடியலன்னா இப்பவே சொல்லிருங்க, பாதி வாங்கிக்கறேன், முடிஞ்சப்புறம் சொல்லாதீங்க. ஜெபத்துக்கு எதுவும் இல்ல." அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். "இன்னொண்ணு. அடுப்படில எங்க அத்தை இருக்காங்க. அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்."

"தெரியும்மா" என்றார் வேன்காரர். "சபைக்கே தெரியும். நான் மெதுவாப் பேசிக்கறேன்."

மெதுவாகத்தான் பேசினார். ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தும் ஒன்றும் பிடிபடவில்லை. என்ன பேசியிருப்பார்கள்? போகும்போது எண்ணிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து போனார், அதை மட்டும் பார்த்தேன்.

கதவை இழைத்துச் சரியாகச் சாத்தும்படி செய்துவிடட்டுமா என்று என் மகன் இரண்டு தடவை கேட்டுவிட்டான். சாத்தினால் தாளிக்கிற புகை எங்கே போகும் என்று கேட்டேன்.