துட்டி கேட்கச் சோமாலி படித்தவர்

செய்தி வந்தபோது மேலகரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில், சோமாலி மொழிப் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை ஆறரைக்கு டாண் என்று வந்துவிடுகிற கோமதிநாயகம் அண்ணாச்சி ஏழாகியும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நாளாவது வினைச்சொல் இல்லாமல் டீ குடிக்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் மனைவி செண்பகம் மதினி.

"வாத்தியாரே, ஐந்தருவில குளிச்சிட்டு வந்து நாற்காலில உக்காந்தாவ. டீய நீட்டுதேன், கை நீள மாட்டேங்கு. ஓடியாங்க."

ஓடினேன். வலிக்கிற முழங்காலோடு நான் ஓடியதைப் பார்த்துக் கடைக்காரரே எழுந்து நின்றுவிட்டார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவரை உங்களில் பலர் 'ரைட்டர் அண்ணாச்சி' என்றுதான் அறிவீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதும் ரைட்டராகவே பணிக்காலம் முழுவதும் இருந்தவர். நான் பக்கத்துத் தெருக்காரன், ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியார். முப்பது வருடம் இலக்கணத்தைக் கரைத்துப் புகட்டி, இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று இருந்தவன். என்னை மறுபடி முதல் வகுப்பில் உட்கார வைத்தார் மனிதர்.

காரணம் இதுதான். அவர் மகன் முத்துக்குமார் நைரோபியில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஹோதன் என்ற சோமாலிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பெண்ணின் அம்மா ஹலீமா இருப்பது ஹர்கெய்சா என்ற ஊரில். அவருக்குச் சோமாலியைத் தவிர வேறு மொழி தெரியாது. மதினிக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை. "பேரு வாயில நுழையாத சம்பந்தி எனக்கு எதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகளோடு இரண்டு வார்த்தை பேசினால் அதிகம். அந்த அம்மாவோடு அதுவும் இல்லை.

கல்யாணமான மறு வருடம் ஹோதனின் தகப்பனார் இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் சாவைத் துட்டி என்போம். சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பது துட்டி கேட்பது. சம்பந்தி வீட்டுத் துட்டியைக் கேட்காமல் விட்டால் உறவு அறுந்தது என்றே அர்த்தம். ஹர்கெய்சாவுக்கு எந்த பஸ் ஏறிப் போவது?

"மகனை விட்டுச் சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

"துட்டிய இன்னொருத்தன் வாயால கேக்கச் சொல்லுதீரா வே? நான் அழுததை அவன் மொழிபெயர்க்கணுமோ?" என்று சீறினார். "நீரு இலக்கணம் தெரிஞ்ச ஆளு. எந்த பாஷையா இருந்தா என்ன, உக்காரும்."

மகன் போனில் அனுப்பிய சோமாலிப் பாடப் புத்தகத்தைத் தென்காசியில் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து இரண்டு பிரதியாகக் கொண்டுவந்தார். மறுக்க வழியில்லாமல் போயிற்று. வினைச்சொல் கடைசியில் வருகிறது என்று முதல் பாடத்தில் கண்டதும், "நம்ம ஆளுகதாம் வே" என்று குதூகலித்தார். 'சாப்பிடு' என்பதற்கு அவர்கள், நம் 'உண்' போலவே, ஏறக்குறைய 'உன்' என்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். பன்மை வந்தபோதுதான் மாட்டிக்கொண்டோம். ஒருமையில் பெண்பாலான அம்மா, பன்மையில் ஆண்பாலாகிவிடுகிறாள். அப்பா பன்மையில் பெண்பால்.

"இது என்ன கூத்து வே? கூட்டம் சேர்ந்தா அம்மா ஆம்பள ஆயிருவாளா?"

"மொழி அப்படி. நான் என்ன செய்ய?"

"நீரு வாத்தியாரு. கேட்டுச் சொல்லும்."

யாரிடம் கேட்பது? சாரல் நேரத்தில் ஐந்தருவியில் குளிக்க நிற்கும் வரிசையிலும் விடமாட்டார். துண்டோடு நின்றுகொண்டே, "இறந்தார், இறந்தாள், இறந்தார்கள்" என்று சோமாலியில் உரக்க ஒப்பிப்பார். முன்னால் நின்ற மலையாளி ஒருவர், நாங்கள் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்து மரியாதையாக வழிவிட்டார். வரிசை சீக்கிரம் நகர்ந்ததில் அண்ணாச்சிக்குச் சந்தோஷம். எனக்குக் குளிர், அலுப்பு, வெட்கம் மூன்றும்.

நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு அவர் துட்டி கேட்டார். சாவு வீட்டில் நிற்பதுபோல எழுந்து நின்றுகொண்டுதான், போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "நான் முத்துக்குமாரின் அப்பா. உங்கள் வீட்டுக்காரர் இறந்ததைக் கேள்விப்பட்டேன். வர முடியவில்லை. சமிர் இயோ ஈமான்." பொறுமையும் நம்பிக்கையும் என்று அர்த்தம். துக்க வீட்டில் அவர்கள் சொல்லும் சொல் அது.

எதிர்முனையில் அந்த அம்மா உடைந்து அழுதார். அழுதபடியே பத்து நிமிடம் பேசினார். அண்ணாச்சி குறுக்கிடவில்லை. "ஹா, ஹா" என்று ஆமாம் போட்டுக்கொண்டே நின்றார். போனை வைத்ததும், "என்ன வே சொன்னாவ?" என்றார்.

"வீடு, விடியக்காலம், தண்ணி. எனக்கு மூணுதான் புரிஞ்சுது."

"போதும். தண்ணி கேட்டுருக்காரு. கொண்டுவாரதுக்குள்ள போயிட்டாரு."

பிறகு ஹோதனிடம் கேட்டோம். அப்படியேதான் நடந்திருந்தது. எத்தனை வீட்டு அழுகையை எழுதிய கை அது!

அன்றே ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சம்பந்தியம்மா பேசியதில் புரிந்ததை அதில் எழுதி, எனக்குப் படித்துக் காட்டி, கீழே பழைய வழக்கப்படி 'படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருந்தது' என்று என்னிடம் கையெழுத்து வாங்குவார். "திருப்பிப் படிச்சுக் காட்டாத வாக்குமூலம் வெறும் பேப்பர்தாம் வே" என்பார்.

தவறுகளுக்குக் குறைவில்லை. சம்பந்தியம்மாவை எப்படி நீ என்பது என்று பன்மையிலேயே பேசினார். அந்த அம்மா, வீட்டிலுள்ள எல்லாரையும் விசாரிக்கிறார் என்று எண்ணிப் பேரன் பேத்தியிலிருந்து கட்டிப் போட்டிருந்த ஆடு வரை நலம் சொன்னார். சிரமப்பட்டு ஒருமைக்கு வந்த அன்று, எடுத்தவுடன் "மா உன்தய்?" என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று. நோன்பு மாதம், பட்டப்பகல்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. அந்த அம்மாவோ விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் முதலில் அந்த அம்மாதான் கேட்பார், "மா உன்தய்?"

இத்தனையும் நடக்கும்போது மதினி அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டார். அண்ணாச்சிக்கு இருந்த ஒரே குறை அது. "இவ ஒரு வார்த்தை அவுககிட்ட பேசிட்டா போதும் வே. எனக்குப் பெறகு இந்தச் சம்பந்தத்த யாரு பிடிச்சு நிறுத்துவா?" என்று டீக்கடையில் என்னிடம் கேட்டார். நான் அடுத்த பாடத்தைத் திருப்பினேன்.

அவர் போன நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஹோதன் நிறைமாதம், வர முடியவில்லை. மகன் வந்திருந்தான். அப்போது இறப்புச் சான்றிதழுக்காக வெளியே போயிருந்தான். வீட்டில் மதினியும் நானும்தான். பதினொரு மணிக்கு அண்ணாச்சியின் நாற்காலியில் கிடந்த போன் அடித்தது.

மதினி அதையே பார்த்தார். "எடுங்க வாத்தியாரே. அவுக இருந்தா எடுப்பாவல்லா."

எழுந்து நின்றுகொண்டுதான் எடுத்தேன். "சமிர் இயோ ஈமான்" என்றார் ஹலீமா. எப்படி நடந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆரம்பப் பாடத்தின் இறந்தகாலம் மட்டும். "அருவிக்குப் போனார். குளித்தார். வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். டீ குடிக்கவில்லை." ஒவ்வொன்றுக்கும் அங்கிருந்து ஒரு "ஹா" வந்தது. ஐந்தாவது வாக்கியத்தில் நான் அழுதுவிட்டேன்.

பிறகு அவர், "ஷம்பகா... மா உன்தய்?" என்றார்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்காவ மதினி. உங்களத்தான்."

நான்கு நாளாக யார் இட்லித் தட்டை நீட்டினாலும் தள்ளிவிட்டவர் மதினி. என் பக்கம் திரும்பினார். "இல்லங்கதுக்கு அவுக பாஷைல என்ன?"

"மாயா."

கையை நீட்டிப் போனை வாங்கினார். "மாயா" என்றார்.

அங்கிருந்து எனக்கும் கேட்கும்படி கண்டிப்பான குரலில் நான்கைந்து சொற்கள் வந்தன. எனக்கு எல்லாமே புரிந்தது. "சாப்பிடுங்க, முடிக்கிற வரைக்கும் லைன்ல இருக்கேங்காவ" என்றேன். ஸ்பீக்கரில் போட்டுப் போனை நாற்காலியில் வைத்தோம். மதினி சாப்பிட்டார். அந்த அம்மா லைனிலேயே இருந்தார். இடையில் அங்கே ஒரு ஆடு கத்தியது.

போனை வைத்த பிறகு நோட்டை எடுத்து நடந்ததை எழுதினேன். படித்துக் காட்டினேன்.

"ரெண்டு இட்லின்னு போட்டுருக்கீக. ஒண்ணரைதான் தின்னேன்."

திருத்தினேன். அதன் கீழே மதினி கையெழுத்துப் போட்டார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சம்பந்தியம்மா அடுத்த வெள்ளியும் பேசுவாவ. 'இல்ல' மட்டும் தெரிஞ்சு என்னத்தப் பேச? நாளைக்கு ஆறரைக்கு வந்துருங்க வாத்தியாரே" என்றார்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த நோட்டும், கடலுக்கு அப்பால் இருந்தாலும் துட்டியை நம் வாயால்தான் கேட்க வேண்டும் என்கிற பிடிவாதமும். அலுப்பாகத்தான் இருக்கிறது. முழங்கால் வலிக்கிறது. ஆறரைக்குப் போய்விடுகிறேன்.