மிச்சத்தைக் காத்து பாத்துக்கும்

இல்லை. பொறாமை என்று நான் நினைக்கவில்லை.

கேட்டவர் நம் ஃபுட்பால் கிளப்பைச் சேர்ந்தவர்தான். சுரக்குடியில், கலியபெருமாள் அண்ணன் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். உள்ளே அவரைக் கிடத்தியிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, ஒங்க அண்ணன ரெண்டு வருசம் வெளியில ஒக்கார வச்சாரே, அது வயித்தெரிச்சல்தானே?" அதைக் கேட்பதற்கான இடம் அதுவல்ல. ஆனால் ஊரில் பல வருடங்களாக இருக்கும் கேள்வி. நான் "இல்லைங்க" என்று மட்டும் சொன்னேன். கிளப் மலருக்கு எழுதித் தரச் சொன்னதால் மீதியை இங்கே சொல்கிறேன்.

செய்தி வந்தது அன்று காலை. விடுமுறைக்காகத் திருச்சியிலிருந்து வந்திருந்தேன். மீன் வாங்கப் போன அப்பா வெறும் பையோடு திரும்பினார். பையை ஆணியில் மாட்டினார்.

"கலியபெருமாள் போயிட்டான். விடியக்காலம் வயலுக்குத் தண்ணி பாக்கப் போயிருக்கான். வரப்புலயே சாஞ்சிட்டானாம்."

அப்பா அவரை எப்போதும் 'அந்த ஆளு' என்றுதான் சொல்வார். அன்றுதான் பெயர் சொன்னார்.

உங்களில் அவரோடு ஆடியவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். நம் கிளப்பில் பனியனைக் கமிட்டி கொடுப்பதில்லை. போட்டிருப்பவர் கொடுப்பார். தன் இடத்துக்கு அடுத்தவன் தயாரா என்று சொல்லும் உரிமை அந்த இடத்தில் ஆடுபவருக்கே. கோல்கீப்பரைக் கோல்கீப்பர் சொல்வார். பின்னால் நின்று மறிக்கும் பேக்கைப் பேக் சொல்வார். எங்கும் எழுதி வைக்காத விதி. யாரும் மீறியதில்லை. பதினோராம் நம்பர், லெஃப்ட் அவுட், கலியபெருமாள் அண்ணனுடையது. இடது ஓரமாகவே ஓடி, பந்தை நடுவே தூக்கிக் கொடுக்க வேண்டிய ஆள். மேரியில் அவர் குமாஸ்தா. நகராட்சி அலுவலகத்துக்கு நம் காரைக்காலில் இன்னும் அதுதானே பெயர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேரியிலிருந்து சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரில் பூட்ஸ் தொங்கும். வலது முழங்காலில் ஒரு துணிக்கட்டு.

அந்தக் கட்டு ஒவ்வொரு வருடமும் பெரிதாகிக்கொண்டு வந்தது.

டீக்கடையில் கேட்பார்கள். "கலியா, கட்டு முட்டிக்கா, முட்டி கட்டுக்கா?"

"ரெண்டும் ஒனக்குத்தான்யா. வந்து எங்கிட்டேருந்து பந்த எடு, அப்பறம் பேசு."

"பதினொண்ண எப்பக் கழட்டுற?"

"தொவைக்கிறப்பல்லாம் கழட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

சிரிப்பார்கள். என் அண்ணன் அமலன் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று சிரிக்காமல் இருப்பான். அவனுக்கு அப்போது பதினேழு. ரெண்டாவது டீமில் அவனைப் போல ஓடுபவர் யாருமில்லை. ஊரே சொன்னது, அவன் தயார் என்று. ஒருவர் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்.

எங்கள் வீட்டில் இது ஆட்டத்தைப் பற்றிய பேச்சாக இல்லை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். எங்கள் குடியுரிமை அந்தப் பக்கம். பதினெட்டு முடிந்ததும் அமலன் அங்கே பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்பது அவன் பிறந்த அன்றே முடிவானது. அவனுக்குப் போக விருப்பமில்லை. அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு கெடு சொன்னார்.

"மொத டீம்ல எடம் கெடச்சா ஒரு வருசம் இருந்து ஆடு. அப்பறம் பாப்போம். கெடைக்கலன்னா காகிதம் வந்த ஒடனே கெளம்பு. ரெண்டாவது டீம்ல ஆடறதுக்கு ஒருத்தன் ஊர்ல இருக்க வேணாம்."

அதற்குப் பிறகு கலியபெருமாள் அண்ணன் கமிட்டியிடம் "இன்னும் ஆவல" என்று சொல்லும்போதெல்லாம், எங்கள் வீட்டில் அம்மா பரணில் இருந்த பயணப் பெட்டியைப் பார்த்தாள்.

நம் மைதானம் கடலுக்கு எவ்வளவு பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். சாயங்காலக் காற்றும் தெரியும். ரெண்டாவது பாதியில் நம் இடது ஓரம் கடல் பக்கமாக வரும்படி பார்த்துக்கொள்வது நம் வழக்கம். காற்று முதுகில் அடிக்கும். அந்த ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கினால் காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விடும். அமலன் தூக்கிய பந்துகள் கோலைத் தாண்டி, ஆட்களைத் தாண்டிப் போயின.

"யாருக்குடா அனுப்புற? பஸ் ஸ்டாண்டுல எவனாச்சும் நிக்கிறானா?"

"நடுவுலதாண்ணே அடிச்சேன்."

"நடுவுல அடிக்காத. கிட்டக் கம்பத்தப் பாத்து அடி. மிச்சத்தக் காத்து பாத்துக்கும்."

கோலின் இரண்டு கம்பங்களில், ஓடிவருபவனுக்குப் பக்கத்தில் இருப்பது கிட்டக் கம்பம். அதைக் குறிவைத்து மெதுவாக அடித்தால், காற்று பந்தைத் தூரக் கம்பத்துக்கு, அங்கே காத்திருக்கும் சென்டர் ஃபார்வர்டின் தலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஒன்றுக்காகத்தான் இரண்டு வருடம். வேறு எதிலும் அவர் குறை சொல்லவில்லை. மைதானத்தில் இறங்குமுன் அவர் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடுக்கில் விடுவார். மண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். கும்பிடுகிறார் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசைக்குப் போய்த் திரும்பியபோது, அவர் எங்கள் வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தார். கேரியரில் செய்தித்தாளில் சுற்றிய பனியன். இஸ்திரி போட்டது.

"ஒக்காருங்க" என்றார் அப்பா. சொன்ன விதத்தில் உட்காரச் சொன்னதாகத் தெரியவில்லை.

"பரவால்லிங்க. நிக்கிறேன்."

"இப்பத்தான் கால் வலி தெரிஞ்சிச்சாக்கும்."

"வலி நாலு வருசமாத் தெரியுதுங்க. இவன் இப்பத்தான் ஆயிருக்கான்."

அமலன் இரண்டு கையாலும் வாங்கினான். அம்மா உள்ளே போய்விட்டாள். அழுதிருப்பாள். காபி வர நேரமாயிற்று.

முதல் ஆட்டம் கும்பகோணத்தில். அங்கே என் அத்தை இருந்ததால் அப்பாவோடு என்னையும் அனுப்பினார்கள். மூன்று பக்கமும் உயர்ந்த மதில், மதிலுக்கு வெளியே தென்னைமரங்கள், சித்திரை வெயில். தாவணி முந்தியால் நான் விசிறிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. இதையெல்லாம் அன்றே பார்த்தேன். பார்த்ததோடு சரி. அந்த வயதில் நான் பார்த்தது அமலனின் முதுகை மட்டும். அதில் பதினொன்று.

கலியபெருமாள் அண்ணன் வெள்ளை வேட்டியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் அவரை வேட்டியோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

அமலன் தன்னை மறித்த பேக்கை எல்லாத் தடவையும் தாண்டினான். தாண்டிப் போய் அடித்தான். பந்து கிட்டக் கம்பத்தில் போய் விழுந்தது. அங்கே நின்றவன் எகிறக்கூட இல்லை, நின்றபடியே தட்டிவிட்டான். மறுபடி தாண்டினான். மறுபடி அதே இடம். தூரக் கம்பத்தில் நம் சென்டர் ஃபார்வர்ட் கையை விரித்துக் கத்திக்கொண்டிருந்தார். மதில்மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "காரைக்கால் தம்பி, நாளைக்கு ரெண்டு இட்லி சேத்துத் தின்னுட்டு வா!" ஒவ்வொரு தடவை அவன் காலைத் தூக்கும்போதும் "இட்லி" என்று கத்தினார்கள். ரெண்டாவது பாதியில் அவன் பந்தைக் கேட்பதை நிறுத்திவிட்டான்.

தோற்றோம். பஸ்ஸில் யாரோ சொன்னார்கள், "ஓட்டம் இருக்கு, கால்ல வலு இல்ல." யாரும் மறுக்கவில்லை. கலியபெருமாள் அண்ணனும்தான்.

சில வாரங்களில் காகிதம் வந்தது. அப்பா கெடுவைப் பற்றிப் பேசவே இல்லை. பேச வேண்டியிருக்கவில்லை. அமலன் பனியனைத் தானே துவைத்து, மடித்து, மேரிக்கு எடுத்துப் போனான். நானும் போனேன்.

"அடுத்த ஆட்டம் இருக்குல்லடா" என்றார் அவர்.

"வேணாண்ணே. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டுதானே இருந்தீங்க. நான் ஆவல."

அவர் வாங்கிக்கொண்டார். பனியனை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அமலன் இப்போது பிரான்சில், துலோனில் இருக்கிறான். பட்டாளத்தில் ஃபுட்பால் உண்டு. ஆடத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவதாக ஒரு தடவை எழுதியிருந்தான். வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தான்.

போன வருடம் ஒரு சான்றிதழுக்காக மேரிக்குப் போனேன். அவருக்குக் கண்ணாடி வந்திருந்தது.

"வா பாப்பா. என்ன வேணும்?"

"பிறப்புச் சான்றிதழ்ங்கண்ணே."

"ஒன் பொறப்ப எழுதுனதே நான்தான். நீ பொறந்தேன்னு நான் சொன்னா செல்லாதா?"

"திருச்சியில செல்லாதுங்க."

சிரித்தார். முத்திரை குத்திக் கொடுத்தார். பிறகு என்னோடு எழுந்து வெளியே வராந்தாவுக்கு வந்தார். அமலன் எப்போது வருகிறான் என்று கேட்டார். டிசம்பரில் லீவு கேட்டிருப்பதாகச் சொன்னேன்.

"கும்பகோணம் போயிருந்தோம் பாப்பா, அதே கிரவுண்டு. இப்பப் பதினொண்ணுல ஆடுற கருக்களாச்சேரித் தம்பிக்கு அடிபட்டுருச்சு. ஆளு இல்லன்னு கடைசியில என்னைய எறக்கி விட்டாங்க. எறங்குறப்ப வழக்கம்போல மண்ண எடுத்து விட்டேன். நேரா என் காலடியில விழுந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அங்க காத்தே கெடையாது. அன்னிக்கும் இருந்திருக்காது. அவன் காத்துக்கு அடிச்சான், காத்து வரல. நான் சொல்லிக் குடுத்தபடி, அச்சு அசலா அடிச்சிருக்கான். நான் மண்ண எடுத்துப் பாத்திருந்தா எறங்குமுன்னயே சொல்லியிருப்பேன், தூரக் கம்பத்துக்கு அடிடான்னு. அன்னிக்கு நான் ஆடலல்ல? வேட்டியக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எடுக்கத் தோணல."

"நீங்க வெளியூர்ல எவ்வளவோ ஆடியிருக்கீங்களேண்ணே. அப்பல்லாம்?"

"என் காலு அதுவா மாத்திக்கும். மாத்துதுன்னே எனக்குத் தெரியாது. தெரியாதத எப்புடிச் சொல்லிக் குடுக்கிறது?"

பொறாமையா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "ஊர்ல பேசுறது எனக்குத் தெரியும். பனியன் மேல ஆசை இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். மொத வருசம் ஆவலன்னு சொன்னதுல அது கொஞ்சம் கலந்திருக்கும். ரெண்டாவது வருசம் நெசமாத்தான் சொன்னேன். எது எவ்வளவுன்னு இப்பப் பிரிக்க முடியல."

இதை அமலனுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். பதறிவிட்டார்.

"எழுதாத. கடுதாசியில சொல்ற வெசயமா இது? அவன் வரட்டும். கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயி, அங்க நிக்க வச்சி, நானே சொல்றேன்."

அந்த டிசம்பரில் லீவு கிடைக்கவில்லை. இந்த டிசம்பருக்குக் கிடைத்திருக்கிறது. இது ஐப்பசி.

சுரக்குடியில் கருக்களாச்சேரித் தம்பியும் நின்றிருந்தார். கடந்த ஒரு வருடமாகக் கலியபெருமாள் அண்ணன் அவரை வாரம் ஒருமுறை பஸ்ஸில் ஏற்றி, திருவாரூர், மாயவரம் என்று வெளியூர் மைதானங்களுக்கு அழைத்துப்போய்ப் பந்தடிக்க வைத்தாராம். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. "பைத்தியமான்னுகூட நெனச்சேன் அக்கா" என்றார். பிறகு தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அமலன் தயாராக இருந்தானா? எனக்குத் தெரியாது. காற்றில்லை என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவன் தூரக் கம்பத்துக்கு அடித்திருப்பான் என்பதற்கும் உத்தரவாதமில்லை. இரண்டு வருடம் பழகிய கால். ஒரு கோல் விழுந்திருந்தால் அவன் ஒரு வருடம் இருந்திருப்பான். அதன் பிறகும் போயிருக்கலாம். ஆனால் ஆடத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்க மாட்டான்.

கலியபெருமாள் அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அதிகமில்லை. ஒரு பழக்கம். புதிய ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்து விடுகிறேன். விடுதித் தோழிகள் சிரிக்கிறார்கள். அது எந்தப் பக்கம் போனாலும் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நேராக விழும்போது மட்டும் சற்று நின்று பார்க்கிறேன். இன்னொன்று, அந்த வராந்தாவில் அவர் சொன்னது. அது எனக்குச் சொன்னதல்ல. சேர வேண்டிய இடத்துக்குப் போகும்வரை என்னிடம் இருந்தது, அவ்வளவுதான்.

சுரக்குடியிலிருந்து திரும்பிய மறுநாள் தபால் நிலையத்துக்குப் போய் துலோனுக்கு ஒரு டிரங்க் கால் பதிவு செய்தேன். மதியத்துக்கு மேல் இணைப்பு வந்தது. அவர் இறந்துவிட்டதைச் சொன்னேன். பிறகு மண் நேராக விழுந்ததைச் சொன்னேன், அவருடைய வார்த்தைகளிலேயே. அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது. இன்னொரு தடவ சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன்.