குச்சுக்கும் கூலி கேட்டவர்

சந்தவாசலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஆரணியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கிய என் கொழுந்தன், "அண்ணி, சலோமி அக்கா போயிட்டாங்க" என்றான். அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாமல் நின்றதைக் கண்டதும்தான் அழுதேன்.

இன்று இங்கே கூடியிருப்பவர்களில், தெருவுக்கே அக்காவான அவரோடு பழகிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் இந்தத் தெருவுக்கு மருமகள்களாக வந்தவர்கள் இருக்கிறார்கள். இன்று அவர்கள் கையில் விழுகிற கூலி எப்படி வந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தறிகளில் வெளிநாட்டுக்குப் போகும் பட்டுச் சால்வைகள் ஓடின. நெய்தவருக்குக் கூலி உண்டு. நெய்து இறக்கியபின் இரண்டு முனைகளிலும் தொங்கும் நூலைப் பிரித்து, முறுக்கி, முடிந்து குச்சு கட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை. அதற்குக் கூலி இல்லை. அடுப்பு வேலையைப் போல அதுவும் ஒன்று என்றே நாங்கள் இருந்தோம்.

ஒருநாள் சால்வைகளைக் கொடுக்க அக்காவும் நானும் முதலாளியின் கடைக்குப் போனோம். எங்களுக்கு நூல் கொடுத்து நெய்யச் சொல்பவர் அவர்தான். மெட்ராஸிலிருந்து ஏற்றுமதி ஏஜெண்டும் வந்திருந்தார். குச்சை விரலில் ஏந்திப் பார்த்துவிட்டு, "இந்தக் குச்சுக்காகத்தாம்மா அங்க வாங்கறாங்க. இது இல்லேன்னா எடுக்க மாட்டாங்க" என்று பாராட்டினார்.

"அப்ப இதுக்கு இன்னா கூலிங்க?" என்று அக்கா கேட்டார்.

முதலாளி சிரித்தார். "பொம்பளைங்க சும்மா உக்காந்துகினு இருக்கற நேரத்துல பண்றதும்மா அது."

"நாங்க எப்பங்க சும்மா உக்காந்துகினு இருந்தோம்?"

சண்டைக்குரலில் அக்கா கேட்கவில்லை. பதில் வேண்டும் என்று கேட்டார். முதலாளி அடுத்த சால்வையை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

அக்கா வீடு வீடாகப் போனார். எங்கள் தெருவோடு நிற்கவில்லை, அடுத்த தெருவுக்கும் போனார். சர்ச்சுக்குப் போகிற வீடு, கோயிலுக்குப் போகிற வீடு என்று பார்க்கவில்லை. அடுத்த முறை சால்வைகள் கடைக்குப் போனபோது ஒன்றிலும் குச்சு இல்லை. நூல்கள் அப்படியே தொங்கின.

முதலாளி நெய்வதற்குப் பாவு நூல் கொடுப்பதை நிறுத்தினார். தறிகள் நின்றன. ஆண்கள் கொதித்தார்கள். என் கணவர் என்னோடு பேசவே இல்லை. அக்காவின் கணவர் தாவீது அண்ணன் சாதுவான மனிதர். அவரே, "ஏன் சலோமி இந்தப் பேஜாரு? ஆர்டர் போயிட்டா தெருவே பட்டினி" என்றார்.

"பட்டினி போட மாட்டேன்" என்றார் அக்கா. மறுநாளே எங்களைக் கூட்டிக்கொண்டு அரிசி மில்லுக்குப் போனார். களத்தில் வெயிலில் நெல் துழாவினோம். சாயங்காலம் கூலி வாங்கியதும் என்னிடம், "பார்த்தியா, நெல்லைக் காயவெச்சா கூலி உண்டு. பட்டுநூலை முடிஞ்சா மட்டும் இல்லியா?" என்றார். அதுவரை எனக்குள் இருந்த பயம் அந்தக் களத்திலேயே போய்விட்டது.

முதலாளி சால்வை மூட்டையைக் குச்சு கட்டச் சொல்லி அடுத்த தெருவுக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண்கள் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். பிறகு அக்காவை மட்டும் கூப்பிட்டு, "உனக்குத் தனியா குடுக்கறேன், விஷயத்த முடிச்சுடு" என்று சொல்லிப் பார்த்தார். "ஒருத்திக்கு மட்டும் குடுத்தா அது கூலி இல்லீங்க, வாயில அடைக்கற துணி" என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டார்.

மெட்ராஸிலிருந்து ஏஜெண்டு அவசரப்படுத்தவே, முதலாளி தாமே எங்கள் தெருவுக்கு வந்தார். குச்சுக்குத் தனிக்கூலி என்று ஒப்புக்கொண்டார். "நெசவுக் கூலியோட சேர்த்து வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடறேன்" என்றார்.

"குச்சு முடியறது எங்க கை. அதுலயே குடுங்க" என்றார் அக்கா.

தாவீது அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். "அவ சொல்றது சரிதாங்க" என்றார். அதற்குப்பின் முதலாளியும் சரி என்றார்.

முதல் கூலியில் அக்கா மூக்குக்கண்ணாடி வாங்கினார். பல வருஷமாக மங்கலான கண்ணோடு குச்சு முடிந்துகொண்டிருந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து சர்ச்சுக்குப் போனதைத் தெருவே நின்று பார்த்தது. எல்லாருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். நாக்கு சுருக்கென்று குத்தும். "உனக்கு வேணும்னா நீ கேளு, நான் எத்தினி நாளைக்குக் கேப்பேன்?" என்று என்னையே பலர் முன்னால் கடிந்திருக்கிறார்.

போன மாதம் என் மகள் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேரப் போனாள். கடைக்காரர் வேலையை விளக்கி முடித்ததும், "கூலி எவ்ளோங்க?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் வயதில் எனக்கு அந்த வாய் இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். என் வீட்டில் அது அடுத்த கைக்கும் போய்விட்டது.