தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு வயிறு தொப்புளோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே எங்கே நோவெடுத்தாலும் கையைக் கொண்டுபோய் நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே வைத்து, “கேஸ்”, அதாவது வாய்வு, என்று சொல்லிவிடுவோம். மரியாதையான இடம், மரியாதையான வியாதி. மாமனார் முன்னிலையிலும் சொல்லலாம். அவரும் தன் கேஸைப் பற்றிச் சொல்லுவார்.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். சண்டை முடிந்த பிறகு எங்கள் நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்களில் மனித உடலைப் பற்றிய பெரிய படப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதற்கு அட்டை போட்டவள் நான்தான். சூலகம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், எந்த அலுமாரியில், எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். என்னுடையது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒருநாள் காலையில் கிணற்றடியில் உடுப்பு அலசிக்கொண்டிருக்கும்போது, அடிவயிற்றின் வலது பக்கத்தில் யாரோ துணியைப் பிழிவதுபோல் முறுக்கியது. மாம்புரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு என் கணவரின் தங்கையுடையது. வேலிக்கு மேலால் என் முகத்தைப் பார்த்தவள் சட்டியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பாலாவி உப்பளத்து உப்பு எங்கள் பக்கத்து வீடுகளில் சாக்குக் கணக்கில் கிடக்கும். எந்த நோவுக்கும் முதல் வைத்தியம் அதுதான்.

“எந்த இடத்துல மச்சி?”

“கேஸ் புள்ள,” என்று நெஞ்சுக்குக் கீழே கையை வைத்தேன்.

“காட்டுங்க, நான் வெச்சு விடுறன்.”

“பொட்டலத்தத் தாங்க. நான் வெச்சுக்கொள்றன்.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் நான் நேர்மையானவளாக மாறினேன். உப்புப் பொட்டலத்தை நோவு இருந்த இடத்திலேயே, கீழே, வலது பக்கத்தில் வைத்து அழுத்தினேன். உள்ளே இருந்த வலியில் வெளியே சுட்டது தெரியவில்லை. எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து சிவந்திருந்தது.

அடுத்த நாள் வாந்தியும் தொடங்கியது. என் கணவர் கடையைத் திறக்காமல் வந்து நின்றார்.

“ஆஸ்பத்திரிக்குப் போவம், வாங்க.”

“லேடி டொக்டர் இரிப்பாவா?”

“யார் இருந்தா என்ன?”

“பின்னேரம் போவம். நல்ல பாவாட காயல்ல.”

கொடியில் தொங்கிய பாவாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தப் பாவாடையை வெயில் விழும் பக்கமாகத் திருப்பிப் போட்டார். இருபது வருடத்துக்கு மேலாக என்னோடு வாழ்ந்ததில் அவர் படித்துக்கொண்டது அது. மற்றப் பாவாடையின் ஓரம் கிழிந்திருந்தது. டொக்டர் கண்டால் மானம் போய்விடும். பாவாடை காயும்வரை நான் சுருண்டு கிடந்தேன். மானம் காய்ந்துகொண்டிருந்தது.

புத்தளம் போகும் வழியில் ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியபோது உயிர் போய் வந்தது. றோட்டை ஏசிக்கொண்டே போனேன்.

டொக்டர் ஓர் ஆண். இளைஞர், சிங்களவர். தமிழை வகுப்பில் கற்றுக்கொண்டவர்போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் தாதி ஒருவர் என் தலைமாட்டில் நின்றார். திரைக்கு வெளியே, கீழ் இடைவெளியில், என் கணவரின் செருப்புகள் தெரிந்தன.

“எங்க நோவுது, அம்மா?”

அவருக்கும் எனக்கும் பதினைந்து வயதுதான் வித்தியாசம் இருக்கும். அந்த ‘அம்மா’வையும் விழுங்கிக்கொண்டு நெஞ்சுக்குக் கீழே காட்டினேன். அவர் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கி, காட்டிய இடத்தில் மெதுவாக அழுத்தினார்.

“நோவுதா?”

“ஓம்.”

அவர் என் வயிற்றைப் பார்க்கவேயில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாய் ஓம் சொல்லுது. முகம் ஒண்டும் சொல்லல்லையே.”

மிஸ் என்னைக் கேளாமலே பாவாடை நாடாவைத் தளர்த்திக் கீழே இறக்கினார். அவ்வளவு பாடுபட்டுக் காயவைத்த பாவாடையை ஒருவரும் கவனிக்கவில்லை. சிவந்து கொப்பளித்த வட்டத்தைத்தான் இருவரும் பார்த்தார்கள்.

“இது என்ன?”

“உப்பு.”

“உப்பா?”

மிஸ் சிங்களத்தில் விளக்கினார். டொக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஓர் இடம் கிடைத்திருக்கும்.

“உப்பு இங்க வெச்சிருக்கிறீங்க. அப்ப நோவும் இங்கதானே?”

நான் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன்.

“இருமுங்க.” இருமினேன். கை தானாகவே கீழே, உண்மையான இடத்துக்குப் போய்விட்டது.

“றோட்டுப் பள்ளத்துல நோவு கூடினதா?”

“றோட்டு சரியில்ல, டொக்டர்.”

“றோட்ட விடுங்க.”

“கூடிச்சு.”

அவர் இடது பக்கத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கத்துக்கு வந்தார். வெந்த தோலைத் தொடாமல் அதன் ஓரத்தில் விரல்களை அமர்த்தி, “தோல் நோவா, உள்ளுக்கு நோவா? யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார். யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கையைச் சட்டென்று எடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் திரைக்குக் கீழே செருப்புகள் ஓரடி முன்னால் வந்தன.

பிறகு கேள்விகள். கடைசியாக மாதவிலக்கு எப்போது, அளவு கூடவா குறைவா என்று கேட்டுவிட்டு, “வயித்துல பிள்ள இருக்கலாமா?” என்றார்.

செருப்புகள் அசையவில்லை. இல்லை என்றால் ஒருவிதமான கதை. இருக்கலாம் என்றால் இன்னொருவிதமான கதை. நான் பகலெல்லாம் புத்தகங்களுக்கிடையில் வாழ்கிறவள், மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

“தெரியா.”

திரைக்கு வெளியே யாரோ இருமினார். அந்த இருமலை எனக்கு நன்றாகத் தெரியும்.

சிறுநீர் பார்த்தார்கள், பிள்ளை இல்லை. “குடல்வாலாகவும் இருக்கலாம், சூலகமாகவும் இருக்கலாம். கை இவ்வளவுதான் சொல்லும். ஸ்கேன் எடுப்பம்,” என்றார் டொக்டர். வலது சூலகத்தில் கட்டி வளர்ந்து, அதன் பாரத்தில் சூலகம் முறுகியிருந்தது. அன்று இரவே வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு பெண்மணி. நான் காத்திருக்க விரும்பிய லேடி டொக்டர்.

“கறுத்துப் போயிருந்துச்சு. நோவு தொடங்கினவுடன வந்திருந்தா ஒருவேள காப்பாத்தியிருக்கலாம். ஏன் சுணங்கினீங்க?” என்று கேட்டார். பாவாடையைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வார்டில் பார்வையாளர் நேரத்துக்குக் கனமூலை ஊரிலிருந்து கணவரின் ஆட்கள் விசுக்கோத்துப் பெட்டிகளோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மாமனாரின் தம்பி சாச்சா, அவருடைய மகன்கள், பெண்கள் எல்லோரும்.

“என்ன நடந்த மகள்?” என்றார் சாச்சா.

தையல் போட்டு ஒருநாள்கூட ஆகவில்லை. அப்படியிருந்தும் என் கை போர்வைக்கு மேலால் ஏறி, நெஞ்சுக்குக் கீழே போய் அமர்ந்தது.

“கேஸ்தான் சாச்சா. கட்டியாகிட்டு.”

என் கணவர் என்னைப் பார்த்தார். சாச்சா திருப்தியோடு தன் கேஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அப்போது, அவர்களோடு வந்து நின்ற, உப்பு வறுத்துத் தந்த மச்சி குனிந்து என் காதோடு சொன்னாள்:

“எனக்கும் கொஞ்ச நாளா அதான் மச்சி. உப்பு வெச்சா லேசாப் போவுது. நீங்க என்னத்துக்கு ஆஸ்பத்திரிக்கெல்லாம் வந்தீங்களோ.”

அவளுடைய கையும் நெஞ்சுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் நின்ற நிலை எனக்குத் தெரிந்த நிலை: வலது பக்கம் கொஞ்சம் கூனி, காலை நீட்டாமல். இரண்டு நாளைக்கு முதல் நானும் கிணற்றடியில் அப்படித்தான் நின்றேன்.

சாச்சா மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், “கேஸ் இல்ல புள்ள,” என்றேன். அவளுக்கு மட்டும் சொல்ல நினைத்தது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஏற்கெனவே கேட்டுவிட்டதால் கையையும் எடுத்துக் கீழே, கட்டுப் போட்டிருந்த இடத்தில் வைத்தேன். “இஞ்ச. சூலகம் முறுகினது. வெட்டி எடுத்துட்டாங்க. உப்பு வெச்சுக்கொண்டு இருந்ததாலதான் எடுக்க வேண்டி வந்த.”

சாச்சா விசுக்கோத்துப் பெட்டியைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினார். மகன்கள் யன்னலைப் பார்த்தார்கள். என் கணவர் பிளாஸ்க்கைத் திறந்தார், திரும்ப மூடினார். என் முகம் காய்ச்சல் வந்ததுபோலக் கொதித்தது.

மச்சியின் கை நெஞ்சுக்குக் கீழேயிருந்து மெல்ல இறங்கித் தொப்புளில் வந்து நின்றது.

“இன்னும் கீழயா?” என்று கேட்டேன்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்று தலையை ஆட்டினாள். “மிஸ்ஸ ஒருக்காக் கூப்பிடுங்க,” என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு நானும் நிலத்தைப் பார்த்தேன்.