மொச்சை வேகும் நேரம்

களைவெட்டுக் கூலிக்குப் போகும் குப்பாயி என் சப்-சென்டர் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். எண்பதுகளின் நடுவில், சித்தேரி மலைக்குக் கிராம சுகாதார நர்ஸாக நான் வந்து சேர்ந்த புதிது. பிறந்து வளர்ந்தது கம்பைநல்லூர். மலையில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக்கூட இறங்க முடியாது. கடைசி பஸ் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஊசி கொதிக்கவைக்கும் ஸ்டெரிலைசர்தான்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"களியும் மொச்சக் கொழம்புந்தாங்க நர்சம்மா. வேற என்னத்தத் திங்கறது?"

அடிக்கடி இப்படித்தான் வருகிறது என்றாள். கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். களி கிண்டும் ராகி, மொச்சை இரண்டையும் நிறுத்தச் சொன்னார் அங்கிருந்த டாக்டர். வாந்தி நின்றது. ஆனால் அந்த இரண்டையும் விட்டால் அவளுக்கு மிச்சம் ரேஷன் அரிசிக் கஞ்சிதான். ஆள் நாளுக்கு நாள் தேய்ந்தாள். களை வெட்டக் கூப்பிடுவதையும் ஊரார் விட்டுவிட்டார்கள். இப்படியே போனால் இவள் பிழைக்கமாட்டாள் என்று பயந்துபோனேன்.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. அதே மொச்சையைத்தான் ஊரே தின்கிறது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லையே? ஹவுஸ் விசிட் போகும்போதெல்லாம் அடுப்புகளைக் கவனித்தேன். மற்ற வீடுகளில் காய்ந்த மொச்சை இரவே ஊறும். காலையில் பெரிய பானையில், நசுக்கினால் மாவாகும் வரை வேகும். குப்பாயியின் புருஷன் சிக்கமகளூர் காப்பித் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவே இல்லை. பிள்ளையும் கிடையாது.

"நீங்க ஊற வெக்கறதில்லீங்களா?"

"ஒண்டிக்கட்டைக்கு எதுக்குங்க அத்தன வெறகு? ரெண்டு கொதி வந்தா எறக்கிருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் ஸ்டவ்விலும் அதே கதைதான். ஒருத்திக்காக யார் மண்ணெண்ணெய் எரிப்பது என்று நானும் பாதி வெந்ததைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷன், முகம் சுளிக்கவில்லை.

"அட, வேகாம தின்னிருக்கும்னு எனக்குத் தோணலியேம்மா. மொச்சையில லெக்டின்னு ஒரு புரதம் இருக்கு. வேகாம உள்ள போனா வயித்தப் பொரட்டிரும். ஊற வெச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, கொழைய வேக வெச்சா அடங்கிரும். ராகி மேல ஒரு குத்தமும் இல்ல. ரெண்டையும் தாராளமா சாப்பிடச் சொல்லுங்க."

குப்பாயி நம்பவில்லை. "மறுக்காவும் வாந்தி வந்துட்டா?"

"நானும் உங்ககூடத் திங்கறேன். வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்."

"எங்க வூட்டுக் களி உங்களுக்கு எறங்குமா?" என்று சிரித்தாள்.

மலைக்கு வந்ததிலிருந்து யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. டவுன்காரிக்குக் களி ஆகாது என்று முட்டையும் வாழைப்பழமும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மரியாதைதான். ஆனால் வீட்டுக்கு வந்து தனியாக உரித்துத் தின்னும்போது அழுகை வரும்.

அன்று மொச்சை வேகும் வரை அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் புருஷனைத் திட்டினாள். நான் செத்துப்போன என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். சாப்பிட்ட பிறகு இருவருக்கும் வயிற்றில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அடிக்கடி சேர்ந்து சமைத்தோம். மெல்ல உடம்பு தேறி, மறுபடியும் களை வெட்டப் போனாள்.

அப்புறம் காரிமங்கலத்துக்கு எனக்கு மாறுதல் வந்தது. பஸ் ஏற்றிவிட வந்தவள் கேட்டாள்:

"இனி யாருக்குங்க வேக வெக்கறது?"

"உங்களுக்குத்தான்," என்றேன். நர்ஸ் சொல்லவேண்டிய பதில் அது. அவள் சும்மா தலையாட்டினாள்.

இன்றைய இளம் நர்ஸ்கள் என்னிடம் கேட்கிறார்கள், லெக்டின் இருக்கிறதாமே, தானியம் பயறையெல்லாம் விடச் சொல்லலாமா என்று. விடச் சொல்லாதீர்கள். ஊறவைத்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். கூடவே, வீட்டில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

நான் ரிட்டயர் ஆகித் தனியாகத்தான் இருக்கிறேன். பத்துப் பேருக்கானாலும் ஒருத்திக்கானாலும் மொச்சைக்கு வேகும் நேரம் ஒன்றுதான். நேற்றும் பாதியில் அணைத்துவிடலாம் என்று அடுப்புக்குக் கை போனது. குப்பாயி ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டு, வேகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.